போர்ட்ரீயில் ஐந்தரை மணி நேரம்: கப்பலில் ஸ்கை தீவுக்குப் போகிறவர்களுக்கு

கப்பல் கம்பெனி அனுப்பும் பயண அட்டவணையில் ‘போர்ட்ரீ, ஐல் ஆஃப் ஸ்கை: காலை 8 முதல் மாலை 5 வரை’ என்று ஒரே வரியில் போட்டிருக்கும். ஒன்பது மணி நேரம் இருக்கிறதே, தீவையே ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் பதினொரு இடங்களைக் குறித்து வைத்தேன். கடைசியில் பார்த்தது மூன்று. அந்த மூன்றையும் நன்றாகப் பார்த்தோம், அதனால் குறையில்லை. ஆனால் பதினொன்று எப்படி மூன்று ஆனது என்பது முதல்முறை போகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், ஊரிலிருந்தே சரியாகத் திட்டம் போடலாம்.

ஸ்கை, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய தீவு. போர்ட்ரீ அதன் முக்கிய ஊர். ஸ்காட்லாந்துத் தீவுகளில் பரப்பில் இரண்டாவது பெரியது. 1,650 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை பத்தாயிரம் அளவுதான். 1995இல் பாலம் கட்டி நிலப்பகுதியோடு இணைத்துவிட்டார்கள், ஆகவே காரிலும் வரலாம். வரைபடத்தில் பார்த்தால் விரல்களை விரித்து வைத்த கை மாதிரி இருக்கும். ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் போக உள்ளங்கை வரை திரும்பி வர வேண்டும். நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர் என்றால் சாலையில் முப்பது, நாற்பது ஆகிவிடும். திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் சறுக்குவது இங்கேதான்.

முதல் வேலை: விசா

‘ஒரு பகல்தானே, கப்பல் நம்மைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுமே’ என்று நினைக்க வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசா வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயோமெட்ரிக் தேதி கிடைக்க நாளாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும்.

கப்பல் ஐஸ்லாந்து, நார்வே என்றும் போகிறது என்றால் அவை ஷெங்கன் நாடுகள், அதற்குத் தனி விசா. ஷெங்கனுக்குள் போய், பிரிட்டனுக்கு வந்து, மறுபடி ஷெங்கனுக்குள் போகிற பாதையாக இருந்தால், பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

டெண்டர் என்றால் என்ன

நம் ஊரில் டெண்டர் என்றால் பொதுப்பணித்துறை ஞாபகம் வரும். இது வேறு. போர்ட்ரீயில் பெரிய கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்க வசதி கிடையாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுகொள்ளும். கப்பலிலிருந்து சிறிய படகுகளை இறக்கி, ஆட்களைத் தொகுதி தொகுதியாகக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் படகுக்குத்தான் டெண்டர் என்று பெயர். பல கப்பல்களில் ஆபத்துக் காலத்துக்கென்று பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகுகளே இந்த வேலையையும் செய்கின்றன.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, காற்று பலமாக அடித்தால் டெண்டர் ஓடாது. கேப்டன் ‘இன்று போர்ட்ரீ இல்லை’ என்று அறிவித்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். இது அபூர்வமாக நடப்பதில்லை, அடிக்கடி நடக்கிறது. அதனால் ஸ்கைக்காகவே அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் மறுபடி யோசியுங்கள். ஸ்கைதான் உங்கள் கனவு என்றால் ரயிலிலோ காரிலோ வந்து மூன்று நாள் தங்குவதே மேல்.

இரண்டு, வரிசை. கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலாவில் சேர்ந்தவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் காலையில் கூடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

என் முதல் தப்பு இங்கேதான். எட்டு மணிக்குக் கப்பல் வருகிறதே என்று, கரையில் ஒரு வேனை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி இணையத்தில் பதிவு செய்திருந்தேன். நாங்கள் கரையில் கால் வைத்தபோது மணி பத்து ஐந்து. வேன்காரர் நல்ல மனுஷர், காத்திருந்தார். ஆனால் காத்திருந்த ஒரு மணி நேரமும் எங்கள் கணக்கில்தான் போயிற்று.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். காலை எட்டிலிருந்து தொடங்காதீர்கள், மாலையிலிருந்து தொடங்குங்கள்.

கப்பல் கிளம்புவது 5 மணி என்றால், கரையிலிருந்து கடைசி டெண்டர் 4 அல்லது 4.30க்கு இருக்கும். கடைசிப் படகுக்கு ஒரே கூட்டமாக வருவார்கள், படகுத்துறையில் மழையில் நீண்ட வரிசை நிற்கும். 3.30க்கே துறையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இனி காலையிலிருந்து: எட்டு மணிக்கு நங்கூரம், ஒன்பதரைக்கு உங்கள் டோக்கன், படகில் கால் மணி நேரம், துறையிலிருந்து மேட்டுத் தெருவில் ஏறி ஊர்ச் சதுக்கத்துக்குப் போக ஐந்து, பத்து நிமிடம். பத்து மணி. பத்திலிருந்து மூன்றரை. ஆக ஒன்பது மணி நேரம் என்று நினைத்தது ஐந்தரை மணி நேரம்.

உங்கள் கப்பலின் நேரங்கள் வேறாக இருக்கும், எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுதான். கையில் கட்டிய கடிகாரமும் கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றுதானா என்று முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். ஐஸ்லாந்திலிருந்தோ நார்வேயிலிருந்தோ வருகிற கப்பல் என்றால் ஒரு மணி நேரம் முன்பின் ஆகியிருக்கும்.

ஒரே ஒரு திசை

ஐந்தரை மணி நேரத்தில் ஸ்கையில் ஒரு திசையில்தான் போகலாம். வடக்கா, மேற்கா, தெற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

என் ஓட்டு வடக்குக்கு. போர்ட்ரீக்கு வடக்கே நீளும் விரலுக்கு ட்ராட்டர்னிஷ் என்று பெயர். ஸ்கை என்றதும் படங்களில் வருகிற அந்த முரட்டு நிலம் பெரும்பாலும் இதுதான். அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்க்கச் சுவையாக இருக்கும். டைனோசர் காலத்தில் படிந்த மென்மையான களிமண், மணல் பாறைகள் அடியில். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்து அதன் மேல் அடுக்கடுக்காக உறைந்தது. கீழே இருப்பது மென்மை, மேலே இருப்பது கனம். தாங்க முடியாமல் கீழடுக்கு நழுவ, மேலே இருந்த பாறைகள் கடலை நோக்கிச் சரிந்து, உடைந்து, குத்துக்கல்லாக நின்றுவிட்டன. பிரிட்டனின் மிகப் பெரிய நிலச்சரிவு இது. வடகோடியில் குயிரைங் பக்கம் நிலம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதன் அடிவாரத்தில் போகும் சாலையை அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படி நின்றுவிட்ட கற்களில் பெரியவர் ‘ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர்’, ஸ்டோர் மலையின் கிழவர். ஏறக்குறைய 50 மீட்டர் உயரக் கல். பின்னால் 719 மீட்டர் உயர ஸ்டோர் மலை சுவர் மாதிரி நிற்கும். போர்ட்ரீயிலிருந்து காரில் கால் மணி நேரம்தான்.

ட்ராட்டர்னிஷை முழுதாகச் சுற்றும் சாலை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்டோரில் ஏறி இறங்க இரண்டு மணி, கில்ட் ராக்கில் இருபது நிமிடம், குயிரைங்கில் முக்கால் மணி என்று சேர்த்தால் ஐந்தேகால் மணி நேரம் போய்விடும். சாப்பாடு இல்லை, கழிப்பறை வரிசை இல்லை, எதிரே ஆட்டு மந்தை இல்லை என்றால்தான் அதுவும். ஆகவே முழுச் சுற்று வேண்டாம். பாதிச் சுற்றுப் போய், வந்த வழியே திரும்புங்கள்:

ஸ்டோர் கிழவர், அடுத்து லீல்ட் அருவி, அடுத்து கில்ட் ராக், அங்கிருந்து திரும்பி போர்ட்ரீ. மொத்தம் நான்கு மணி நேரம். மிச்சம் ஒன்றரை மணி நேரம் ஊருக்கும் சாப்பாட்டுக்கும்.

லீல்ட் அருவிக்குச் சாலையோரத்திலேயே பார்வை மேடை இருக்கிறது. கில்ட் ராக் என்பது கடலோரச் செங்குத்துப் பாறை. எரிமலைப் பாறை தூண் தூணாகப் பிளந்து, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கில்ட் பாவாடையின் கொசுவம் போலத் தெரியும், அதனால் இந்தப் பெயர். பக்கத்திலேயே மீல்ட் அருவி, ஏரியிலிருந்து கிளம்பி நேராகக் கடலில் விழுகிறது. காரிலிருந்து இறங்கி ஐம்பது அடி நடந்தால் போதும்.

கூட வருகிறவர்களுக்கு ஏற முடியாது என்றால் கணக்கு மாறும். ஸ்டோர் ஏற்றத்தை விட்டுவிட்டால் முழுச் சுற்றும் தாராளமாகக் கையில் வரும். கிழவரைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு, கில்ட் ராக், குயிரைங்கின் மேட்டு வாகன நிறுத்தம், கில்முயரில் இருக்கிற ஓலைக்கூரை வீடுகளின் அருங்காட்சியகம், யூக் துறைமுகம் வழியாகத் திரும்பி வரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான் நல்ல வழி.

ஸ்டாஃபின் கடற்கரையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. கடல் வற்றும் நேரத்தில் மட்டும்தான் தெரியும், சில சமயம் மணல் மூடிவிடும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் அன்றைய ஓதப் பட்டியலைப் பார்த்து, நேரம் ஒத்துவந்தால் மட்டும் போங்கள். ‘டைனோசர் காட்டுகிறேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மேற்குத் திசை மழை நாளுக்கு. டன்வேகன் கோட்டை போர்ட்ரீயிலிருந்து 35 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மெக்லியாட் குலத் தலைவர்கள் 800 ஆண்டுகளாக வைத்திருக்கும் கோட்டை. உள்ளே கந்தலான ஒரு பட்டுத் துணியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தேவதை கொடுத்த கொடி, போரில் விரித்தால் குலம் பிழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மூன்று முறைதான் பலிக்குமாம், இரண்டு முறை ஏற்கெனவே விரித்தாகிவிட்டதாம். தோட்டமும் பெரியது. கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஓட்டலாம் என்பது அந்தத் தீவில் சாதாரண விஷயமில்லை.

தெற்கே கூலின் மலைகளும், 1830இல் தொடங்கிய டாலிஸ்கர் விஸ்கி ஆலையும், ஃபேரி பூல்ஸ் என்ற நீர்க்குளங்களும் இருக்கின்றன. கூலினில் உயர்ந்த சிகரம் 992 மீட்டர். அதில் ஏறுவது தேர்ந்த மலையேறிகள் வேலை, நமக்கு ஸ்லீகஹன் பழைய பாலத்தில் நின்று பார்ப்பதே நிறைவு. போர்ட்ரீயிலிருந்து 15 கிலோமீட்டர்தான். பாலத்தின் கீழ் ஓடும் தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்தால் என்றும் அழகு குறையாது என்று ஒரு கதை உண்டு. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஃபேரி பூல்ஸ் படத்தில் இருக்கிற நீலத்தை நம்பி ஒரு பகலைச் செலவிட நான் சொல்ல மாட்டேன்.

நீஸ்ட் பாயின்ட் கலங்கரை விளக்கம் வேண்டவே வேண்டாம். அழகில் குறைவில்லை, தூரம்தான் அதிகம். போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பகுதி ஒற்றை வழிச் சாலை. அங்கே ஒரு நெரிசலில் மாட்டினால் கப்பல் போய்விடும்.

வண்டி

நான்கு வழிகள் இருக்கின்றன.

கப்பல் கம்பெனியின் சுற்றுலா விலை கூடுதல், பேருந்து நிறைய ஆட்கள். ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், டெண்டர் ரத்தானால் பணம் தானாகத் திரும்பிவிடும். பதற்றப்படும் சுபாவம் உள்ளவர்கள் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சிறிய வேன் சுற்றுலாக்கள் எனக்குப் பிடித்தவை. எட்டு, பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஓட்டுநரே கதை சொல்வார். கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களை எழுதிக் கேளுங்கள்: எங்கள் கப்பல் பெயர் இது, நங்கூர நேரம் இது, தெரியுமா? டெண்டர் ரத்தானால் பணம் உண்டா? எத்தனை மணிக்குத் துறையில் கொண்டுவந்து விடுவீர்கள்? பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பேருந்து உண்டு. சாமர்லெட் சதுக்கத்திலிருந்து ஸ்டோர் வழியாகப் போகும். ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போதோ. புதிய கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியை முதலில் பார்த்துத் திட்டமிடுங்கள். ஸ்டோர் மட்டும் போதும் என்கிற ஆளுக்குப் பேருந்து சரி. டாக்சிகள் குறைவு. சென்னையில் போல ஆப்பைத் தட்டினால் வாசலில் வந்து நிற்கும் என்ற நினைப்போடு இறங்க வேண்டாம், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வாடகைக் கார் எடுக்கலாம். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டும் நாடு, நம் ஓட்டுநர் உரிமம் 12 மாதம் வரை அங்கே செல்லும். அதனால் ஓட்டுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் பல சாலைகள் ஒரு வண்டி அகலம்தான். அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி ‘பாசிங் பிளேஸ்’ என்று பலகை வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், உங்கள் இடப்பக்கம் இருக்கிற ஒதுங்கிடத்தில் நீங்கள் ஒதுங்குங்கள். ஒதுங்கிடம் வலப்பக்கம் இருந்தால் சாலையிலேயே அதற்கு நேராக நின்று, எதிர்வண்டியை அதில் ஒதுங்க விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தாலும் ஒதுங்கி வழிவிடுங்கள். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவது மரியாதை. ஹார்ன் அடிக்காதீர்கள், அது அங்கே திட்டுவதற்குச் சமம். ஒதுங்கிடத்தில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும், நியாயம்தான்.

பைக்குள் என்ன

ஸ்கைக்கு கேலிக் மொழியில் ‘மூடுபனித் தீவு’ என்று ஒரு பெயர் உண்டு. ஜூலையில்கூடப் பகலில் 15, 16 டிகிரிதான், அதுவும் வெயில் இருந்தால். ஒரு மணி நேரத்துக்குள் வெயில், சாரல், காற்று, மறுபடி வெயில் எல்லாம் வரும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய துணிகள் மூன்று அடுக்காகவும், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட்டும் நல்லது. குடை கொண்டுபோகாதீர்கள், காற்று அதை இரண்டே நிமிடத்தில் கம்பியும் துணியுமாகப் பிரித்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். புடவையும் செருப்புமாக டெண்டர் ஏறுவதும் சிரமம், படகுக்கும் மேடைக்கும் நடுவில் ஏறி இறங்கும் இடைவெளியைத் தாண்ட வேண்டும்.

மிட்ஜ் என்று ஒரு பூச்சி. கொசுவைவிட மிகச் சிறியது, கூட்டமாக வந்து மொய்த்துக் கடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அதன் ராஜ்ஜியம். காற்று இல்லாத, ஈரமான, மப்பு நாளில்தான் வரும். காற்று வீசினால் பறக்க முடியாது. அந்தத் தீவில் காற்றை யாராவது வாழ்த்தினால் காரணம் இதுதான். பூச்சி விரட்டும் மருந்து ஒரு குப்பி போதும்.

அப்புறம், கைபேசியில் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். மலைகளுக்கு நடுவே சிக்னல் போய்ப் போய் வரும். கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், கப்பலின் உள்ளூர் முகவர் தொலைபேசி எண் (அன்றைய தினசரித் தாளில் அச்சிட்டிருப்பார்கள்), கொஞ்சம் பவுண்டு. கார்டு பெரும்பாலும் எங்கும் செல்லும். ஸ்காட்லாந்து வங்கிகள் அடிக்கும் நோட்டு இங்கிலாந்து நோட்டிலிருந்து வேறுபட்டிருக்கும், கள்ள நோட்டு என்று பயப்பட வேண்டாம்.

மாத்திரை போடுகிறவர்கள் படகு ஆட்டத்துக்கான மாத்திரையை டோக்கன் வாங்கும்போதே போட்டுவிடுங்கள். படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

அன்று காலை

டோக்கன் வாங்கும் முன் மேல்தளத்துக்குப் போங்கள். போர்ட்ரீ விரிகுடாவின் தென்பக்கம் ஒரு கூம்பு மலை நிற்கும். பென் டியானவேக், 413 மீட்டர். அதன் தலை மேகத்துக்குள் மறைந்திருந்தால், ஸ்டோர் கிழவரும் மறைந்துதான் இருப்பார், அவர் நிற்பதும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். அன்று டன்வேகன், அல்லது கடலோரப் பார்வை இடங்கள். தலை தெரிந்தால் ஸ்டோர். வானிலை ஆப்பைவிட இந்த மலை எனக்கு நம்பகமாகப் பட்டது.

அந்த மலைக்குப் பின்னால் இருக்கும் ஊர் பிரேஸ். சுற்றுலாப் பட்டியல்களில் அதிகம் வராது. 1882இல் மேய்ச்சல் நில உரிமைக்காக வாடகை தர மறுத்த குடியானவர்களைக் கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள். பெண்கள் முன்னால் நின்று கல்லெறிந்து எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு அரசு விசாரணைக் குழு அமைத்தது, 1886இல் குடியானவர்களைக் காரணமின்றி நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. மலைச்சரிவுகளில் கூரையில்லாத கல்வீடுகள் தெரிந்தால், அதற்கு முன் நிலப்பிரபுக்கள் ஆட்களை விரட்டிவிட்டு ஆடு வளர்த்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் ‘அழகான இடிபாடு’ இல்லை அவை.

ஸ்டோரில் ஏறுவது

கட்டண வாகன நிறுத்தம் இருக்கிறது, அங்கே கழிப்பறையும் உண்டு. மேலே எதுவும் கிடையாது, கீழேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். போக வர நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்றம் 290 மீட்டர் அளவு. முதல் பாதி அகலமான சரளைப் பாதை, பேசிக்கொண்டே நடக்கலாம். பிறகு கற்படிகள், செங்குத்து. மழை பெய்திருந்தால் வழுக்கும்.

ஏறத் தொடங்கும் நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது நிமிடத்தில் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நின்று, திரும்பிக் கடலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்கிற ஆசைதான் கப்பலைத் தவறவிட வைக்கும். பாதியிலிருந்து பார்த்தாலும் காட்சிக்குக் குறைவில்லை. கீழே ஏரி, அதற்கப்பால் ராசே தீவு, அதற்கும் பின்னால் நிலப்பகுதி மலைகள். கிழவரின் காலடி வரை போக நினைக்க வேண்டாம், கற்கள் உதிரும். பாதையை விட்டு விலகிப் புல்லில் நடப்பதும் கூடாது. அங்கே மண் மெல்லிசு, ஒருமுறை தேய்ந்தால் திரும்ப முளைக்க ஆண்டுகள் ஆகும்.

ஊர்

முழங்கால் வலியோடு வந்த என் அம்மா எங்களோடு மலைக்கு வரவில்லை, போர்ட்ரீயிலேயே இருந்துவிட்டார். திரும்பி வந்தபோது எங்களைவிட நிறையக் கதை வைத்திருந்தார். துறைமுகத்தை ஒட்டி நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் பூசிய வீடுகளின் வரிசை, அதற்குப் பின்னால் தி லம்ப் என்கிற சிறிய குன்று. அதன் மேல் ஒரு கோபுரம். ஆகஸ்டில் தீவின் விளையாட்டுப் போட்டிகள் நடப்பது இந்தக் குன்றின் மேல்தான். சற்று நடக்க முடிந்தவர்களுக்கு விரிகுடாவின் வடகரையில் ஸ்கோரிபிரெக் பாதை இருக்கிறது. 3 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எங்கும் வண்டி தேட வேண்டாம் என்பது இதன் பெரிய லாபம்.

ராயல் ஹோட்டல் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு விடுதி இருந்தது. பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரி, 1746இல் போரில் தோற்று ஓடிய இளவரசர் சார்லஸைப் பணிப்பெண் வேஷம் போட்டுப் படகில் கடத்தி வந்த ஃப்ளோரா மெக்டொனால்ட், அவரை வழியனுப்பியது அந்த விடுதியில்தான். ஃப்ளோராவின் கல்லறை கில்முயரில் இருக்கிறது.

சாப்பாடு: மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். துறையோரம் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கி நின்றபடியே சாப்பிடலாம், கடற்காகங்கள் கையிலிருந்து பிடுங்கும், ஜாக்கிரதை. கல்லன் ஸ்கிங்க் என்ற சூப், புகையில் வாட்டிய மீன், உருளைக்கிழங்கு, பால் சேர்த்தது. குளிருக்கு அதைப் போல ஒன்றுமில்லை. சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். பருப்பு சூப், அவித்த உருளைக்கிழங்கில் சீஸ், ஆட்டுக்கறி இல்லாத சைவ ஹாகிஸ் எல்லாம் கிடைக்கும். சூப் எதில் கொதித்தது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மதியம் ஒன்று வரை காத்திருந்தால் எல்லாக் கடையும் நிறைந்துவிடும், கப்பல் நாளில் சின்ன ஊர் திணறும். கோ-ஆப் கடையில் சாண்ட்விச் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது உத்தமம். கப்பல் உணவுக்கூடத்திலிருந்து பொட்டலம் கட்டி எடுத்து வருவதைப் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை.

தவறினால்

கப்பலைத் தவறவிட்டால் முதலில் முகவரைக் கூப்பிடுங்கள். ஸ்கையில் பயணிகள் விமான சேவை கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் பாலத்துக்கு அந்தப்புறம் கைல் ஆஃப் லோகல்ஷ், போர்ட்ரீயிலிருந்து 55 கிலோமீட்டர். இன்வர்னஸுக்கும் கிளாஸ்கோவுக்கும் பேருந்து உண்டு. அடுத்த துறைமுகம் வரை எல்லாம் உங்கள் செலவு.

டெண்டர் ரத்தாகிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேன்காரருக்கு உடனே செய்தி அனுப்புங்கள், பாவம் அவர் துறையில் காத்திருப்பார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து 3.30க்கு வரிசையில் நின்று கப்பலேறிவிட்டீர்கள் என்றால், உடனே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடாதீர்கள். அடுத்த துறைமுகம் வடக்கே என்றால், கப்பல் ராசே கடல்வழியில் ட்ராட்டர்னிஷ் கரையை ஒட்டியே போகும். இடப்பக்கத் தளத்தில் இடம் பிடியுங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து தாண்டும், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மலைச்சுவர் தெரியும், அதற்கு முன்னால் தனியாக நிற்கும் கல்லும். மலைக்கு வராத அம்மா, கையில் டீயோடு நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் மூச்சிரைக்க ஏறிய கிழவரை அங்கிருந்துதான் பார்த்தார்.